ஒப்புக்குச் சப்பாணி யார்?

தெருவில் விளையாடி வளர்ந்த யாருக்கும் ஒப்புக்குச் சப்பாணியைத் தெரிந்திருக்கும். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்ட ஐந்து வயதுத் தம்பி. சேர்த்துக்கொள்ளாவிட்டால் வீட்டில் போய்ச் சொல்லிவிடுவான். ஆகவே அவனும் ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். ஆனால் அவனைத் தொட்டால் அவுட் கிடையாது. அவன் தொட்டாலும் யாரும் அவுட் கிடையாது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசைகளில் வெவ்வேறு லெவல் கேரக்டர்களை ஒரே குழுவில் வைத்து ஆடக் கூடாது என்பதற்குச் சொல்லப்படும் காரணமெல்லாம் கடைசியில் இந்தத் தம்பியிடம்தான் வந்து நிற்கிறது. மற்றவர்கள் ஏழாம் லெவலில் இருக்கையில் ஒருவர் மட்டும் முதல் லெவலில் வந்தால் அவர் ஒப்புக்குச் சப்பாணி ஆகிவிடுவாராம். அடித்தால் படாது, அடி பட்டால் பிழைக்க மாட்டார், மூன்று மணி நேரம் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு முறுக்கு தின்பார். ஆகவே புதிதாக வருகிறவருக்கும் குழுவின் லெவலையே கொடு. இரண்டு வாரம் வராதவருக்கும் வந்தவர்களோடு சேர்த்து லெவலை ஏற்று. கேரக்டர் செத்துப்போனவர் அடுத்த கேரக்டரை அதே லெவலில் எழுதட்டும். இதை இப்போது யாரும் வாதமாகக்கூடச் சொல்வதில்லை. செருப்பை வாசலில் விடுவதைப் போல ஒரு மரியாதையாகிவிட்டது. வேறு மாதிரி நடத்துகிறவர் ஒன்று பழைய பஞ்சாங்கம், இல்லையென்றால் கொடுமைக்காரர்.

பழைய பஞ்சாங்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை ஒப்புக்கொள்ள முடியாது. சென்னையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிறு மதியங்களில் பல வருடமாக வெவ்வேறு லெவல்களை வைத்துத்தான் ஆட்டம் நடத்துகிறேன். யாரும் அழுதுகொண்டு போனதில்லை. ஒரே ஒருமுறை ஒருவர் அழுதார். அது கதையில் சுமை தூக்கிவந்த கழுதை செத்ததற்காக.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு நாலு வரி. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கேரக்டர்: போர்வீரன், திருடன், மந்திரவாதி என்று. ஒருவர் மட்டும் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். உலகமும் அதில் திரியும் அரக்கர்களும் அவர் பொறுப்பு. என்ன செய்கிறாய் என்று அவர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள், முடிவு சந்தேகமாக இருந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவீர்கள். சமாளித்த ஆபத்துக்கு அனுபவப் புள்ளிகள். புள்ளி சேர்ந்தால் லெவல். லெவல் ஏறினால் உயிர்ப்புள்ளிகளும் வித்தைகளும் கூடும். இப்படி ஒரே கதை மாதக்கணக்கில் ஓடினால் அது கேம்பெய்ன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பின்னால் தொடங்கியவர் என்றைக்கும் பின்னாலேயே கிடப்பார் என்கிறார்கள். அட்டவணையைப் புரட்டாதவர் பேச்சு இது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பையே எடுத்துக்கொள்கிறேன். அதில் ஐந்தாம் லெவலைத் தொட 6,500 புள்ளி வேண்டும், ஆறைத் தொட 14,000. ஐந்தாம் லெவலில் இப்போதுதான் கால் வைத்த நாலு பேரோடு, கையில் ஒரு புள்ளிகூட இல்லாத முதல் லெவல்காரர் ஒருவர் சேருகிறார் என்று வையுங்கள். கிடைப்பதை ஐவரும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பழையவர்கள் ஆறைத் தொட ஆளுக்கு 7,500 சேர்க்க வேண்டும். அவர்கள் அதைச் சேர்த்து முடிக்கும் அன்று புதியவர் கையிலும் 7,500 இருக்கிறது. அதாவது அவர் ஐந்தாம் லெவல். நாலு லெவல் இடைவெளி ஒன்றாகிவிட்டது. இதற்காக யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, டிஎம் யாருக்கும் சலுகை காட்டவில்லை.

தொடக்க நாட்களில் வேகம் இன்னும் அதிகம். டிரோல் என்ற அரக்கன் ஒருவனை வீழ்த்தினால் 1,800 புள்ளி. ஐந்து பேருக்குப் பிரித்தால் 360. இரண்டாம் லெவலுக்கு 300 போதும். ஒரே ஒரு டிரோல்! மூன்று டிரோல் என்றால் ஆளுக்கு 1,080. மூன்றாம் லெவலுக்கு வேண்டியது 900. அதே மூன்று டிரோல்களுக்குப் பிறகும் பழையவர்கள் அதே ஐந்தாம் லெவலில்தான் நிற்பார்கள். மேசையில் ஒவ்வொரு வாரமும் லெவல் ஏறுகிற ஒரே ஆள், நாம் யாருக்காகப் பரிதாபப்பட்டோமோ அந்த ஆள்தான்.

இது தற்செயல் இல்லை. இந்த ஆட்டத்தின் பழைய அட்டவணைகள் ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய இரட்டித்துக்கொண்டே போகும். 1981 பதிப்பில் போர்வீரனுக்கு 2,000, 4,000, 8,000, 16,000, 32,000. இரட்டிக்கும் அட்டவணையின் குணம் என்னவென்றால், உனக்கு முன்னால் போனவன் இதுவரை சேர்த்தது முழுவதும் அவனுடைய அடுத்த ஒரு படியின் விலை. அவன் அந்த ஒரு படியை ஏறும் நேரத்தில் நீ அவன் நின்ற இடத்துக்கு வந்துவிடுவாய். பின்தங்கியவர் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்கான ஏற்பாடு முதலிலிருந்தே கணக்கில் இருந்தது. அதை விட்டுவிட்டு, லெவலை அள்ளிக் கையில் திணிப்பதற்குக் கருணை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

'சரி, வந்து சேருவதற்குள் செத்துப்போவாரே?'

இதுதான் அவர்களின் நல்ல வாதம், ஆகவே இதை மழுப்பப் போவதில்லை. முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி 8 இருக்கும். எதிரி மந்திரவாதி எறியும் தீக்கோளம் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. தப்புவதற்கான பகடை சரியாக விழுந்தால் பாதி. 14 அடியில் மயங்கி விழுவார், தூக்கிவிடலாம். தவறினால் அந்த இடத்திலேயே சாவு. மீதி அடி அவருடைய மொத்த உயிர்ப்புள்ளியை எட்டிவிட்டால் மயக்கத்துக்குக்கூட இடமில்லை என்பது விதி. டிரோலின் ஒரு நகக்கீறல் சராசரி 11. முதல் லெவல் போர்வீரனின் 12-இல் ஒன்று மிஞ்சும். ஆபத்து உண்மை.

ஆனால் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறார்கள் என்பதைப் பாருங்கள். தீக்கோளம் விழும் இடத்தில் முதல் லெவல்காரர் நிற்பார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஏன் நிற்க வேண்டும்? குழுவில் யார் முன்னால் போவது, யார் விளக்கைப் பிடிப்பது, யாரைச் சுவரோரம் நிறுத்துவது என்று பேசி முடிவெடுப்பது ஒரு காலத்தில் ஆட்டத்தின் பாதியாக இருந்தது. எல்லோரும் ஒரே லெவல் ஆன பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. எல்லோரும் எல்லா அடியையும் தாங்குவார்கள், எல்லோரும் வரிசையாக ஓடிப்போய் அடிப்பார்கள். காப்பாற்ற வேண்டிய ஒருவர் கூட இருக்கும்போதுதான் ஏழாம் லெவல் போர்வீரனுக்குத் தன் கேடயம் எதற்கு என்பது நினைவுக்கு வருகிறது.

அடித்தால் படாது என்பதோ ஐந்தாம் பதிப்பைப் பொறுத்தவரை பொய். டிரோலின் கவச எண் 15. பகடையும் கேரக்டரின் கூட்டலும் சேர்ந்து அதை எட்டினால் அடி படும். முதல் லெவல் போர்வீரன் பகடையில் 10 போட்டால் படும், ஐந்தாம் லெவல்காரன் 8 போட வேண்டும். இருபது முகத்தில் இரண்டு முகம்தான் வித்தியாசம். லெவல் ஏறும்போது அடியின் வலுவும் எண்ணிக்கையும் கூட வேண்டும், குறி மட்டும் மெதுவாகத்தான் கூட வேண்டும் என்று திட்டம்போட்டே அதை வடிவமைத்தார்கள். பயிற்சிக்கான கூட்டல் முதல் லெவலில் 2. பதினேழாம் லெவலில்கூட 6-தான். தவிர, பக்கத்தில் நிற்பவருக்கு உதவி செய்து அவருக்கு இரண்டு பகடை வாங்கித் தரும் விதிக்கு லெவல் கிடையாது. விழுந்து கிடப்பவர் வாயில் மருந்தை ஊற்றுவதற்கு லெவல் கிடையாது. முதல் லெவல் மந்திரவாதி வரவழைக்கும் ஆந்தை, எட்டாம் லெவல்காரரின் ஆந்தை பறக்கும் உயரத்தில்தான் பறக்கிறது.

அதே பதிப்பின் டிஎம் கையேடு மோதல்களை அளக்க ஒரு வழி சொல்கிறது. ஒவ்வொரு கேரக்டரின் லெவலுக்கும் ஓர் எண், நடுத்தரமான சண்டை என்றால் முதல் லெவலுக்கு 50, ஐந்தாம் லெவலுக்கு 500. குழுவிலுள்ளவர்களின் எண்களைக் கூட்டிக்கொள் என்கிறது. எல்லோரும் எப்போதும் ஒரே லெவல்தான் என்றால் பெருக்கினால் போதுமே. கூட்டச் சொல்வானேன்?

இங்கே ஓர் இடத்தில் இறங்கிவருகிறேன். குழு பத்தைத் தாண்டிவிட்டால் புதியவரை மூன்றாம் லெவலில் தொடங்கச் சொல்வேன். முதல் லெவலின் உயிர்ப்புள்ளிகளோடு அந்த உயரத்தில் உலாவுவது வீரமில்லை, விபத்து. நாலே வாரத்தில் முடியப்போகும் ஆட்டம் என்றாலும் பிடிவாதம் பிடிப்பதில்லை. வந்து சேர்வதற்கு நேரமே இல்லாதவரைப் பின்னால் நிறுத்துவதில் அர்த்தமில்லை. நான் பேசுவது மாதக்கணக்கில் ஓடும் கேம்பெய்னைப் பற்றி.

சம லெவல்காரர்கள் யாருக்காக உருகுகிறார்களோ அந்தப் புதியவரிடம் வருவோம். இருபது முகப் பகடையை வாழ்க்கையில் முதல்முறை கையில் எடுக்கிறார். மந்திரவாதி ஆக வேண்டும் என்கிறார். குழு ஒன்பதாம் லெவல். ஆகவே கருணையோடு ஒன்பதாம் லெவல் தாளை நீட்டுகிறோம். அவருடைய மந்திரப் புத்தகத்தில் குறைந்தது 22 மந்திரங்கள். நாளொன்றுக்கு ஐந்து தரங்களில் மொத்தம் 14 முறை மந்திரம் போடலாம். செலவில்லாத சின்ன வித்தைகள் நாலு. எது எந்தத் தரம், எதற்கு மனத்தை ஒருமுகப்படுத்த வேண்டும், எதைப் போட்டால் எது கலையும் என்பதெல்லாம் தனி. முதல் லெவல் மந்திரவாதிக்கு ஆறு மந்திரம், நாளைக்கு இரண்டு முறை, மூன்று சின்ன வித்தை, அரைப்பக்கத்தில் அடங்கும்.

என்ன நடக்கிறது என்பதை எத்தனையோ மேசைகளில் பார்த்திருக்கிறேன். அவர் முறை வரும்போது தாளைப் புரட்டுவார். பக்கத்தில் இருக்கும் பழைய ஆள் குனிந்து, 'இதைப் போடு, இங்கே போடு' என்பார். இவர் அதையே திருப்பிச் சொல்வார். பகடையை உருட்டுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். அடுத்த முறையும் அப்படியே. மூன்றாவது வாரம் அவர் வர மாட்டார், வேலை அதிகம் என்று செய்தி வரும். யார் ஆடினார் அந்த மந்திரவாதியை? பக்கத்தில் இருந்தவர்தான். தாளைப் பிடித்துக்கொண்டிருந்தவர் வெறும் கைதான். தெருவில் அந்தத் தம்பியை நாம் நடத்தியதும் இப்படித்தானே.

சமமாக வைப்பதுதான் ஆட்டத்தின் இயல்பு என்ற பேச்சுக்கும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட முதல் பதிப்பு, ஒரு கேம்பெய்னில் நாலு பேரிலிருந்து ஐம்பது பேர் வரை ஆடலாம் என்றது. நடத்துகிறவர் ஒருவருக்கு இருபது பேர் வீதம் என்று கணக்கும் சொன்னது. ஐம்பது பேரும் ஒரே நாளில் வரப்போவதில்லை. இந்த வாரம் ஆறு பேர், அடுத்த வாரம் வேறு எட்டுப் பேர். லெவல்கள் கலைந்து கிடக்காமல் எப்படி இருக்கும்? விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் இருந்த போர்விளையாட்டுக் கூட்டங்களுக்குள் பிறந்த ஆட்டம் இது. யார் வேண்டுமானாலும் வரலாம், வந்தவர் ஆடலாம்.

பிறகும் அப்படித்தான் போனது. 1981 பதிப்பில் ஒவ்வொரு வகுப்புக்கும், அதாவது கேரக்டர் வகைக்கும், தனி அட்டவணை. 20,000 புள்ளி சேர்த்த திருடன் ஆறாம் லெவல், போர்வீரன் ஐந்து, எல்ஃப் நாலு. ஒன்றாகத் தொடங்கி, ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து, எல்லாவற்றையும் சமமாகப் பிரித்துக்கொண்டவர்கள்கூட மூன்று வேறு லெவல்களில்தான் நிற்பார்கள். அது போதாதென்று கூலிக்கும் விசுவாசத்துக்கும் கூட வரும் உதவியாள்களுக்குப் பாதிப் பங்கு. பிணங்களாகத் திரியும் சில ஜந்துக்கள் தொட்டாலே ஒரு லெவல் போய்விடும். மூன்றாம் பதிப்பில்கூடச் செத்தவரை எழுப்பினால் ஒரு லெவல் குறைந்துதான் எழுந்தார். அதன் 2003 திருத்தத்தில் ஒரே அரக்கனுக்குக் கீழ் லெவல்காரருக்கு அதிகப் புள்ளி கிடைத்தது.

எனக்குப் பிடித்த சாட்சி பழைய சாகசப் புத்தகங்களின் அட்டை. 1979-இல் வந்த 'ஒயிட் ப்ளூம் மவுண்டன்' அட்டையில் லெவல் 5 முதல் 10 வரை என்று இருக்கும். அதற்கு முந்தைய வருடம் வந்த 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' 10 முதல் 14 வரை. ஐந்தாம் லெவல்காரரும் பத்தாம் லெவல்காரரும் ஒரே மலைக்குள் நுழையலாம் என்பது அதன் பொருள். இன்றைய சாகசப் புத்தகங்களிலும் அட்டையில் அதே மாதிரி ஒரு வீச்சு உண்டு, ஒன்று முதல் ஐந்து, ஒன்று முதல் பத்து என்று. ஆனால் பொருள் மாறிவிட்டது. எல்லோரும் சேர்ந்து ஒன்றில் ஏறி, சேர்ந்தே பத்தில் இறங்குவார்கள் என்பது இப்போதைய பொருள். யாரெல்லாம் வரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த எண், எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லும் பஸ் டிக்கெட்டாகிவிட்டது.

எப்போது மாறியது? 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது ஒவ்வொரு அரக்கனுக்கும் ஒரு சவால் எண் போட்டார்கள். அந்த லெவலிலுள்ள நாலு பேர் கொண்ட குழுவுக்கு அது எவ்வளவு கடினம் என்பதே அளவுகோல். நாலு பேர், ஒரே லெவல். அளப்பதற்காகக் கையிலெடுத்த ஒரு கோல் அது, கிராம் கணக்குக்கு ஒரு படிக்கல் போல. ஆனால் படிக்கல்லைப் பார்த்துப் பார்த்துக் காய்கறியையும் அதே வடிவத்தில் விளைவிக்கத் தொடங்கிவிட்டோம். அந்தப் பதிப்பின் தலைமை வடிவமைப்பாளர் ஜோனதன் ட்வீட் 1987-இல் மார்க் ரைன்-ஹேகனோடு சேர்ந்து 'ஆர்ஸ் மாஜிகா' என்ற ஆட்டத்தை எழுதியவர். அதில் ஒரே குழுவில் மலையைப் பிளக்கும் மாந்திரிகரும் இருப்பார், அவருக்குக் காவலாக ஈட்டி பிடித்த கிராமத்தானும் இருப்பான். ஒருவரே இந்த வாரம் அவராகவும் அடுத்த வாரம் இவனாகவும் ஆடலாம். சமமின்மையையே ஆட்டமாக்கியவர் செய்த அளவுகோலை வைத்துத்தான் சமமின்மை ஆகாது என்கிறார்கள்!

2008-இல் வந்த நாலாம் பதிப்பில் அளவுகோல் சட்டமானது. லெவல் ஏற ஏற எல்லாருடைய கவச எண்ணும் குறியும் கூடவே ஏறின. அங்கே பத்தாம் லெவல் அரக்கனின் கவச எண் சுமாராக 24. முதல் லெவல்காரர் பகடையில் 17, 18 போட்டால்தான் அடி படும். 2019-இன் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பும் லெவலை அப்படியே கூட்டச் சொல்லும் ஆட்டம். இந்த இரண்டிலும் எதிர்த்தரப்பு சொல்வது சரி. அங்கே கலந்த லெவலில் நடத்தாதீர்கள். ஆனால் ஒரு பதிப்பின் விதியை ஆட்டத்தின் இயல்பு என்று சொல்லாதீர்கள். நாலாம் பதிப்பிலிருந்து ஐந்தாவதற்கு வந்தபோது அந்த ஏணியைத்தான் எடுத்துவிட்டார்களே. விதி போய்விட்டது, பயம் மட்டும் தங்கிவிட்டது.

விதியைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். கூட்டம் சுருங்கிவிட்டது. இருபது பேர் வந்துபோன மேசையில் இப்போது அதே நாலு பேர், அதே கதை. 2015-இல் தொடங்கிய 'கிரிட்டிகல் ரோல்' போன்ற ஒளிபரப்புகளைப் பார்த்து ஆட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கேம்பெய்ன் என்றால் நிரந்தர நடிகர்கள் கொண்ட தொடர். தொடரில் கதாநாயகர்கள் சமமாக வளர வேண்டியதுதான். அதில் தவறில்லை. ஆனால் 2000-களில் பென் ராபின்ஸ் நடத்திய 'வெஸ்ட் மார்ச்சஸ்' கேம்பெய்னில் பத்துப் பதினாலு பேர், நிரந்தரக் குழு கிடையாது, கிளம்புகிறவர்கள் சேர்ந்து கிளம்பினார்கள். அதைப் பல டிஎம்கள் இன்றும் வாய்பிளந்து பாராட்டுகிறார்கள். பாராட்டிவிட்டு, தங்கள் மேசையில் எல்லோருக்கும் ஒரே நாளில் லெவல் ஏற்றுகிறார்கள்.

என் பக்கத்து ஆள்களின் ஒரு வாதத்தையும் ஒதுக்கிவிட வேண்டும். கேண்டால்ஃபும் ஹாபிட்டுகளும் ஒரே குழுவில் போகவில்லையா என்று டோல்கீனை இழுப்பார்கள். உதவாத வாதம். நாவலில் ஃப்ரோடோவைக் காப்பாற்ற ஆசிரியர் இருக்கிறார். என் மேசையில் பகடைதான் இருக்கிறது.

ஒரே லெவல் என்றால் ஒரே பலமா என்று கேட்டாலும் பதில் வராது. பதின்மூன்றாம் லெவலில் போர்வீரன் இன்னும் நன்றாக வெட்டுகிறான். மந்திரவாதி அடுத்த உலகத்துக்கே குழுவைக் கொண்டுபோய்விடுகிறார். இந்தப் பள்ளத்தை இந்த ஆட்டக்காரர்கள் பல பத்தாண்டுகளாகப் புலம்பிக்கொண்டே ஆடிவருகிறார்கள். அதைப் பொறுத்துக்கொள்கிறவர்களுக்கு மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் மட்டும் தாங்காதாம். மேசையில் மற்றவரைப் பேசவிடாத ஆள் எந்த லெவலிலும் பேசவிட மாட்டார். அதற்கு மருந்து அட்டவணையில் இல்லை, டிஎம்மின் வாயில் இருக்கிறது.

வராதவர்கள் விஷயம் சங்கடமானது. எல்லோரும் பெரியவர்கள், இரவுப் பணி இருக்கிறது, குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. வர முடியாதவரைத் தண்டிக்கலாமா என்கிறார்கள். என் மேசையில் மருத்துவமனையில் ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவருடைய திருடன் எப்போதும் ஒன்றோ இரண்டோ லெவல் கீழே. ஒருமுறை மனது கேட்காமல், வராத வாரங்களுக்கும் புள்ளி போட்டுக்கொள்ளச் சொன்னேன். 'எதுக்கு சார்? நான் பாக்காத டிராகனுக்கு நான் ஏன் காசு வாங்கணும்?' என்றார். வந்த அன்று அவர் முதலில் கேட்பது மற்றவர்களிடம்: என்ன நடந்தது, இந்தக் காயம் எப்படி, இந்த வாள் யாருடையது? அவர்கள் போட்டி போட்டுக்கொண்டு சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் லெவல் ஏறும் மேசைகளில் அந்த அரைமணி நேரம் இருப்பதில்லை. அங்கே லெவல் என்பது ஆல் பாஸ் போட்ட வருடத்து மதிப்பெண் பட்டியல். எல்லோரும் வைத்திருப்பார்கள், யாரும் சட்டம் போட்டு மாட்ட மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒன்பதாம் லெவல் கேரக்டர் செத்தால் அடுத்த வாரம் இன்னொரு ஒன்பதாம் லெவல் கேரக்டர் கதவைத் தட்டும் என்றால் சாவு என்பது பேனா மாற்றும் வேலை. தொட்டால் அவுட் கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன், கல்லூரி முடித்த ஒரு பெண் எங்களோடு சேர்ந்தாள். மற்ற நால்வரும் ஏழாம் லெவல். அவள் முதல் லெவல் மந்திரவாதி. கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில் சின்ன அரக்கர்களான கோப்ளின்கள் குடியேறி, உள்ளே போகும் ஒரே கயிற்றுப் பாலத்தைக் கையில் வைத்திருந்தார்கள். பாலத்தை அறுத்துவிடுவோம் என்று மிரட்டினார்கள். எங்கள் புனித வீரரான பாலடின் பளபளக்கும் கவசத்தோடு முன்னால் போய்ச் சமாதானம் பேசினார். பேச்சுத்திறனுக்கு அவரிடம் இருந்த கூட்டல் குழுவிலேயே அதிகம். கோப்ளின்கள் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு முன் இதே குழு அவர்களுடைய காவல் கோபுரத்தை உள்ளே இருந்தவர்களோடு கொளுத்தியிருந்தது. அன்று அவள் மேசையில் இல்லை.

கோப்ளின் தலைவனாக நான் ஒவ்வொருவரையும் சுட்டிக்காட்டிக் கேட்டேன்: 'நீ எங்கள் ஆளைக் கொன்றிருக்கிறாயா?' நால்வரும் பொய் சொல்லிப் பகடை உருட்ட வேண்டியிருந்தது. உருட்டினார்கள், மூன்று பேர் மாட்டினார்கள். அவளிடம் வந்தேன். அவள் தன் தாளைப் பார்த்தாள், அதில் ஒன்றுமே இல்லை. 'இல்ல,' என்றாள். உண்மைக்குப் பகடை தேவையில்லை. அவள் ஒருத்தி மட்டும் பாலத்தைக் கடந்து போய்ப் பேசலாம் என்றேன். போனாள். 8 உயிர்ப்புள்ளியோடு, கூட யாரும் இல்லாமல், தொங்கும் பாலத்தில். மற்ற நால்வரும் இக்கரையில் நின்றுகொண்டு நகத்தைக் கடித்தார்கள். நான் இதைத் திட்டமிட்டிருக்கவில்லை. திட்டமிட்டது பாலத்தின் மேல் ஒரு சண்டை. அவள் ஏழாம் லெவலில் தொடங்கியிருந்தால் அதுதான் நடந்திருக்கும். ஏழாம் லெவல்காரர்கள் யாரும் ரத்தம் படாமல் அங்கே வந்திருக்க முடியாது.

அந்தக் கேம்பெய்ன் பிறகு ஒரு வருடம் ஓடியது. பழையவர்கள் ஒன்பதைத் தொட்டபோது அவள் ஏழு. அதை யாரும் கவனித்ததாக நினைவில்லை.

போன மாதம் அவளிடமிருந்து போன் வந்தது. வேலைக்காக பெங்களூரு போய்விட்டாள், அங்கே ஒரு மேசையில் சேர்ந்திருக்கிறாள். நல்ல மனிதர்கள், முதல் நாளே ஒன்பதாம் லெவல் கொடுத்துவிட்டார்களாம்.

'முதல் எட்டு லெவல்ல என் கேரக்டருக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்கண்ணா. என்னத்த எழுதறது?'

'அந்த கோப்ளின் பாலத்துக் கதைய எழுதேன்,' என்றேன்.

'அது வேற ஆளுக்கு நடந்ததுண்ணா.'